நான்கு விநாடியில் வந்த பதில்

அடையாறு காந்தி நகரில் ஒரு பெரிய வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து, அதில் ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். எழுபதுகளின் பின்பாதியில் நான் அங்கே ஆபரேட்டராக வேலை பார்த்தேன். பள்ளியிறுதியும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்திருந்த என்னை, கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைக் கார்டில் துளை போடும் வேலைக்குத்தான் எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விடவே, என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நேரத்துக்கு வருவேன், அதிகம் பேச மாட்டேன். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த அறை எப்போதும் குளிராக இருக்கும். இயந்திரத்துக்காக வைத்த குளிர்சாதனம். சித்திரை மாத வெயிலில் சாந்தோமிலிருந்து பஸ் ஏறி வரும்போது என் பையில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் இருக்கும். ஒருநாள் சில்லறை தேடிப் பையைக் கவிழ்த்தபோது அதைப் பார்த்த கண்டக்டர், "ஊட்டிக்கு இந்த பஸ்ஸு போவாதும்மா" என்றார். பஸ்ஸே சிரித்தது. அடையாறு பாலம் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

நான் எழுத வந்தது ஒரு டிஸ்க் டிரைவைப் பற்றி. இப்போது அது கையில் அடங்குகிற பெட்டிக்குள் வந்துவிட்டது. அப்போது அது இடுப்பளவு உயரமுள்ள இரும்புப் பெட்டி. மேல்மூடியைத் திறந்தால் உள்ளே இட்லிக் கொப்பரையில் தட்டுகளை அடுக்கினதுபோல ஆறு தட்டுகள். அடுக்கு முழுவதையும் கைப்பிடியோடு வெளியே எடுத்து வேறு அடுக்கை வைக்கலாம். தட்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றின் நடுவே சீப்பு மாதிரி ஒரு கை உள்ளே போய், வெளியே வந்து, எழுதியிருப்பதைப் படிக்கும். கை நகரும்போதெல்லாம் பெட்டி 'தட், தட்' என்று அதிரும். ஆள் வந்தால் நான் அந்தப் பெட்டிக்குப் பின்னால் போய், அதன் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பது வழக்கம். கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதற்காக. இயந்திரத்தைக் கவனிக்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

எங்களிடம் இருந்த பழைய டிரைவ் வாடகைக்கு வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று எங்கள் கம்ப்யூட்டர் மையத்தின் தலைவர் ஆசைப்பட்டார். அவர் மயிலாப்பூர்க்காரர், கணிதம் படித்தவர், என்னைத் திட்டியதே இல்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைக்க அனுமதி கிடைக்கவில்லை. கிண்டி எஸ்டேட்டில் பம்பு மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் ஒரு பட்டறையின் முதலாளி, எங்கோ ஏலத்தில் உடைந்த டிரைவ் ஒன்றை எடுத்து வைத்திருப்பதாகத் தெரியவந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு மெக்கானிக் அதை எட்டு மாதம் பிரித்துப் பூட்டி உயிர் கொடுத்திருந்தார்.

மெக்கானிக் சைதாப்பேட்டைக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். செருப்பை வாசலில் விடும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். நான் மாதாகோவில் தெருக்காரி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு 'சிஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டார். நான் அவரை 'அண்ணே' என்பேன்.

"இது பாஸாச்சுன்னா இன்னும் ரெண்டு டிரைவு கீது சிஸ்டர், எடுத்துப் பண்ணுன்னு மொதலாளி சொல்லிக்கிறாரு. தனி ரூமு, தனி மேசை. ஆவலன்னா மறுபடி குந்திக்கினு பம்பு மோட்டாருக்குக் கம்பி சுத்தணும். பதினாலு வருசம் சுத்தினேன். இந்த விரலப் பாரு" என்று கட்டைவிரலைக் காட்டினார். கம்பி அழுத்திய தடம் வாய்க்கால் மாதிரி இருந்தது.

பாஸாவதற்கு ஒரே நிபந்தனை. பழைய டிரைவைவிட இது மெதுவாக இருக்கக் கூடாது.

அதை அளக்க ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. தட்டு அடுக்கு ஒன்றில் பத்தாயிரம் மாணவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் இருந்தன. கார்டு ஒன்றுக்கு ஒரு பதிவு எண் வீதம் இருநூறு கார்டு. இயந்திரம் எல்லாக் கார்டுகளையும் முதலில் விழுங்கிக்கொள்ளும். நான் பொத்தானை அழுத்தியதும் அந்த இருநூறு பேரையும் டிஸ்க்கில் தேடிப் பிடித்து, முடிந்ததும் மணி அடிக்கும். பிறகு பெயர்களை அச்சடிக்கும். பொத்தானுக்கும் மணிக்கும் இடையில் எத்தனை விநாடி என்பதுதான் கணக்கு. போன வருடம் பழைய டிரைவில் தலைவரே ஸ்டாப் வாட்ச் பிடித்து அளந்து, முப்பத்தொரு விநாடி என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை மெக்கானிக் தன் டிரைவை இணைத்தார். முதல் ஓட்டம் நாற்பத்து நான்கு. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, டிரைவின் கையை நகர்த்தும் பாகத்தில் ஒரு திருகை மிக மெல்லக் கால் சுற்று திருப்பினார்.

"இப்போ உடு."

அதே கார்டுகளை மறுபடி போட்டுப் பொத்தானை அழுத்தினேன். நாலே விநாடியில் மணி அடித்துவிட்டது. அச்சடித்த பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன.

அவர் அந்தத் திருகைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. திருகு இனி அசையக் கூடாது என்று அதன் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவினார். அது அந்தத் தொழிலில் வழக்கமாம். "சைதாப்பேட்ட மார்க்கெட்டுல இத வாங்கறச்சே கடக்காரன் இன்னா கேட்டான் தெரியுமா? யாருக்குபா, வூட்டுக்கா வெளியவான்னான்" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். கால் சுற்றில் நாற்பது விநாடி குறைந்துவிட்டது. எட்டு மாதம் பட்ட பாட்டுக்கு அப்படி ஒரு கால் சுற்று கிடைத்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வருவதாக ஏற்பாடு. அவரால் பதினொரு மணிக்குத்தான் வர முடியும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம்.

எங்கள் தலைவருக்கு இதில் தீர்மானமான வழக்கம் ஒன்று இருந்தது. புதிய பொருள் எதுவானாலும் நல்ல நேரத்தில் ஒருமுறை முழுதாக ஓட்டிவிட வேண்டும். பிறகு ராகு காலத்தில் ஓட்டினால் அது தொடக்கம் இல்லை, தொடர்ச்சி. "தொடர்ச்சிக்கு தோஷம் கெடையாதும்மா. ரயில் எழும்பூர்ல நல்ல நேரத்துல கெளம்பித்துன்னா, செங்கல்பட்டுல ராகு காலம்னு எறங்கிடறோமா?" என்பார். டைப்ரைட்டர் வந்தபோதும் குளிர்சாதனம் வந்தபோதும் இப்படித்தான் செய்தார்.

அதனால் ஒன்பதே முக்காலுக்குப் பெட்டியின் மூடியில் குங்குமம் வைத்து, "ம், ஆரம்பி" என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு, தேங்காய் உடைக்க வெளியே படிக்கட்டுக்குப் போனார். தேங்காய்த் தண்ணீர் உள்ளே சிந்தக் கூடாது. மெக்கானிக்கும் பின்னால் போனார். நான் மட்டும் அறையில் இருந்தேன். கார்டுகளைப் போட்டேன், பொத்தானை அழுத்தினேன், பழக்கத்தில் பெட்டியின் பின்னால் போய்க் கையை ஊன்றிக்கொண்டேன். தட், தட், தட் என்று உள்ளங்கை அதிர்ந்தது. வெளியே தேங்காய் உடைந்தது. ஒரு மூடி படியில் உருண்டோட, அதை யாரோ பிடித்தார்கள். தலைவர் பூஜைத் தட்டோடு உள்ளே வந்து கண்ணை மூடிக் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் மணி அடித்தது. அந்த ஓட்டத்தை யாரும் அளக்கவில்லை. அது அளக்கிற ஓட்டம் இல்லை, சாமிக்கான ஓட்டம்.

பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்துக்காரர் வந்தார். மெலிந்த, சிரிக்காத மனிதர். ஸ்டாப் வாட்சைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டார். அதே கார்டுகள். பொத்தானை அழுத்திவிட்டு நான் பெட்டியின் பின்னால் போய்க் கையை வைப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

"நாலு!" என்றார் அவர். முதல்முறையாகச் சிரித்தார்.

தலைவர் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, தட்டிலிருந்து வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். "பேஷ், பேஷ். முப்பத்தொண்ணு எங்க, நாலு எங்க!" அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பழைய டிரைவை அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று.

நான் தேங்காய்ச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காலையில் தேங்காய் உடைத்து, பொறுக்கி, கும்பிட்டு முடியும்வரை ஓடின ஓட்டம், இப்போது கை வைப்பதற்குள் எப்படி முடிந்தது? அதைவிட இன்னொன்று. இந்தமுறை என் உள்ளங்கைக்கு அதிர்வே வரவில்லை. உள்ளே இருக்கும் கை நகராமல் டிரைவ் எப்படிப் படித்தது? அன்று அதைச் சொல்லியிருக்கலாம். நான்கு ஆண்கள் இருக்கும் அறையில் ஒரு கேள்வியை ஆரம்பிக்க எனக்கு எப்போதுமே வராது. இங்கே மூன்று பேர்தான், ஆனாலும் வரவில்லை.

சனிக்கிழமை அரைநாள். மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். காலையில் அந்தக் கம்ப்யூட்டரை எழுப்புவதே ஒரு வேலை. டேப்பிலிருந்து அதன் ஆதார நிரலை ஏற்ற அரைமணி நேரம் ஆகும். ஏற்றியதும் அதே இருநூறு கார்டைப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். பெட்டி அதிர்ந்தது. முப்பத்தெட்டு விநாடி. மறுபடி போட்டேன். அதிரவில்லை. நான்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோவிலில் சிறுபிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்லும் பிள்ளைகள் உண்டு. வரிசையை மாற்றிக் கேட்டால் முழிப்பார்கள். ஐந்தாம் கேள்விக்கு ஆறாம் பதில் வரும். அதை நினைத்துக் கார்டுக் கட்டைச் சீட்டுக் கலைப்பதுபோல நன்றாகக் கலைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் நான்கு. பெயர்களும் சரி. இது பிள்ளைகளைப்போல வரிசையை மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறது.

அப்படியானால் அதற்குத் தெரியாததைக் கேட்க வேண்டும். துளையிடும் இயந்திரத்தில் உட்கார்ந்து, முன்பு கேட்காத இருநூறு எண்களை அடித்தேன். அந்தப் புதுக் கட்டு முதல்முறை முப்பத்தேழு விநாடி எடுத்தது, அதிர்வோடு. இரண்டாம்முறை நான்கு, அதிர்வில்லாமல்.

இரண்டு மாதத்துக்கு முன் கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு மெமரி போர்டு பொருத்தியிருந்தார்கள். அதோடு வந்த புத்தகம் அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டு, ஒரே பக்கத்தை நாலைந்து முறை படித்தேன். டிஸ்க்கிலிருந்து ஒருமுறை படித்த பகுதியை இந்த மெமரியில் வைத்துக்கொள்ளும், திரும்பக் கேட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் இங்கிருந்தே கொடுத்துவிடும், இயந்திரத்தை நிறுத்தினால் அத்தனையும் அழிந்துவிடும் என்று அதில் இருந்தது. எங்கள் அன்றாட வேலையில் ஒரு மாணவனின் பெயரை ஒருமுறைதான் கேட்போம். அதனால் இரண்டு மாதமாக யாருக்கும் இது கண்ணில் படவில்லை. பழைய டிரைவின் முப்பத்தொன்றோ, போர்டு வருவதற்கு முன்பே அளந்தது.

ஒரு விஷயம் புரிந்துவிட்ட சந்தோஷம் எனக்கு. உப்புமா ஆறிப்போயிருந்தது, அதுகூட ருசியாக இருந்தது. டப்பாவைக் கழுவும்போதுதான் மற்றது உறைத்தது. நாலு பொய் என்றால் முப்பத்தெட்டு உண்மை. முப்பத்தெட்டு என்றால் அண்ணன் தோற்றுவிட்டார்.

திங்கட்கிழமை அவர் டிரைவுக்குச் சாம்பல் பூச்சு அடிக்கப் பிரஷ்ஷோடு வந்தார். தலைவர் வெளியே போயிருந்தார். ஞாயிறு முழுதும் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை.

"அண்ணே, அது ஓடலை."

"எது ஓடல? ஃபேனா?"

"உங்க டிரைவு. நாலு செகண்டுல. அது ஓடாமலே பதில் வருது."

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "இன்னா சிஸ்டர், கண்ணு வச்சிட்டியா? பூச்சுகூட அடிக்கல இன்னும்."

நான் கட்டைப் போட்டு ஒருமுறை ஓட்டினேன், அதிர்ந்தது. இரண்டாம்முறை அவர் கையை எடுத்து மூடிமேல் வைக்கச் சொன்னேன். மணி அடித்தது. அவர் குனிந்து காதை வைத்தார். "இன்னொருவாட்டி." மறுபடி மணி. முகம் மாறிவிட்டது. திடீரென்று கையை நீட்டி டிரைவின் நிறுத்துகிற சுவிட்சைத் தட்டினார். தட்டுகள் சுற்றும் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி அடங்கிற்று. மூடியைத் திறந்து காட்டினார். ஆறு தட்டும் அசையாமல் இருந்தன.

"இப்போ உடு."

எனக்கே பயமாக இருந்தது. அழுத்தினேன். நாலு விநாடியில் மணி. அச்சு இயந்திரம் கடகடவென்று இருநூறு பெயர்களையும் அடித்துத் தள்ளியது.

"டிஸ்க்கு நின்னுக்கினு கீது. பேரு வந்துக்கினு கீது" என்றார் மெதுவாக. புத்தகத்தில் படித்த மெமரி போர்டு விஷயத்தைச் சொன்னேன். "அப்போ மெமரி போர்டு ஓடின ஓட்டத்துக்கு எனக்கு வாழப்பயம் குடுத்தாரா உங்க சாரு?"

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"நெசமா எவ்ளோ?"

"முப்பத்தெட்டு."

"நாப்பத்தி நாலுலேர்ந்து முப்பத்தெட்டு. அப்போ கால் திருப்பு ஆறு செகண்டுக்குதான் நாயம்." நெயில் பாலிஷ் தடவிய திருகை விரலால் தொட்டுப் பார்த்தார். "நான் அத்தோட நிறுத்திட்டேன் பாரு. நாலுன்னு வந்தப்புறம் எவன் மேல நோண்டுவான்?" விரலை எடுத்துவிட்டுக் கேட்டார். "சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை."

"சொல்லாம இருப்பியா?"

"முடியாது அண்ணே. பழசு போயிட்டா நம்மகிட்ட இது ஒண்ணுதான். பரீட்சை லிஸ்டு ஓட்டும்போது எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"சொல்லு. ஆனா நானே சொல்றேன். புதன் வரிக்கும் டைம் குடு."

கொடுத்தேன். அது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அந்த மூன்று நாட்கள் நான் கார்டு அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு திருகைத் தொட்டால் அடுத்த அளவுக்கு எனக்குக் கேட்காத எண்களாக இருநூறு வேண்டும். காலையில் இயந்திரத்தை எழுப்பியதும் ஒருமுறை மட்டும், தலைவர் போன வருடம் அளந்த பழைய கட்டை ஓட்டலாம். மற்றபடி ஒவ்வொன்றும் புதுக் கட்டு. முப்பத்தாறு, நாற்பது, முப்பத்தைந்து. "ஸ்கூலு எக்ஸாமுக்குக்கூட இத்தினி கொஸ்டின் பேப்பரு அடிக்க மாட்டான்" என்பார், வாயில் திருப்புளியோடு. அப்போது எனக்கு இன்னொன்று கவனத்துக்கு வந்தது. அவர் எதையும் தொடாதபோதே கட்டுக்குக் கட்டு நேரம் மாறியது. எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் முடிந்தது. ஒன்று தட்டின் விளிம்பிலும் அடுத்தது உள்ளேயும் என்று தாவினால் இரண்டு மூன்று விநாடி கூடியது. கை அத்தனை தூரம் போய்வர வேண்டுமல்லவா? அதனால் சின்ன மாற்றங்களை நம்புவதற்கு ஒரே மாதிரி பரவலாக எண்களைப் போடப் பழகினேன்.

புதன்கிழமை காலை ஒரு சுருள்வில்லை மாற்றிய பிறகு, தலைவரின் கட்டு இருபத்தொன்பது விநாடியில் முடிந்தது. முப்பத்தொன்றுக்குக் கீழே. மெக்கானிக் நெயில் பாலிஷை எடுக்கவில்லை. நேராகத் தலைவரின் அறைக்குப் போனார். நான் கதவருகே நின்றேன்.

தலைவர் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ வெள்ளிக்கிழமை நாம பாத்தது?"

"மெமரி சார். காலைல நீங்க நல்ல நேரத்துல ஓட்டினீங்க இல்ல? அத்த ஞாபகம் வச்சிக்கினு சொல்லிச்சி."

"ராகு காலத்துல அளந்தோமோல்லியோ, அதான் இப்படி."

"இல்ல சார். நல்ல நேரத்துல ஓட்டினதுதான் கெடுத்துச்சி."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கையெழுத்தான காகிதத்தை வாபஸ் கேட்பது அவருக்கு எத்தனை கூச்சம் என்று எனக்குத் தெரிந்தது, அந்தக் கூச்சம் எனக்குப் பழக்கமானது. ஆனாலும் போனை எடுத்தார்.

மறுபடி வெள்ளிக்கிழமை, மறுபடி பதினொரு மணி. "ஆரம்பம் போன வெள்ளிக்கிழமையே ஆயிடுத்து. இது தொடர்ச்சிதான்" என்று தலைவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குங்குமத்தைத் தொடவே இல்லை.

தலைமை அலுவலகத்துக்காரர் ஒருமுறை ஏமாந்தவர். எங்கள் கார்டுக் கட்டைக் கையாலேயே ஒதுக்கிவிட்டார். "எண்ணை நான் சொல்றேன். என் கண் முன்னாடி அடிக்கட்டும்."

இருநூறு எண்களையும் அவர் வாயால் சொன்னார். ஏமாற்றக் கூடாது என்று வேண்டுமென்றே தாவினார். ஏழு, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, நாற்பது, ஒன்பதாயிரத்து இருநூறு. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். இத்தனை தாவும் கட்டை நான் ஒன்றுகூட அடித்ததில்லை. அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மெக்கானிக் சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார்.

பொத்தானை அழுத்தினேன். பெட்டி இதுவரை அதிராத அளவுக்கு அதிர்ந்தது. கும்பிட்டு நிற்கும் தலைவரைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன். மணி.

"முப்பத்திநாலு" என்றார் வந்தவர். பேனாவைத் திறந்தார். "கண்டிஷன் முப்பத்தொண்ணு. இது தேறலைங்க."

மெக்கானிக் குனிந்து தன் கருவிப் பையின் வாரை மாட்டத் தொடங்கினார்.

"சார்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"பழசையும் இதே கார்டுல ஓட்டிப் பாக்கணும் சார். முப்பத்தொண்ணுங்கிறது வேற கார்டு. அதுல எண்ணெல்லாம் கிட்டக் கிட்ட இருக்கும். நீங்க சொன்னது தூரத் தூரமா இருக்கு. கைக்கு நடை அதிகம்."

"அப்போ இதுவும் ஞாபகத்துலேர்ந்து வராதா?" என்று கேட்டார் அவர், என்னைக் கூர்ந்து பார்த்து.

"மெஷினை நிறுத்திட்டு, டேப்புலேர்ந்து மறுபடி ஏத்திட்டு ஓட்டலாம் சார். அப்போ அதுக்கு ஒண்ணும் தெரியாது. அரைமணி ஆகும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர், "காப்பி வரச் சொல்றேன்" என்றார் அவசரமாக.

அந்த அரைமணி நேரம் மெக்கானிக் பையின் வாரைப் பிடித்தபடியே நின்றார். காப்பியை வாங்கி வைத்தார், குடிக்கவில்லை. "சிஸ்டர், பழசு முப்பதுன்னு வந்திச்சின்னா?" என்று என் பக்கம் வந்து கிசுகிசுத்தார்.

"வந்தா வந்ததுதான் அண்ணே."

"நல்லா தைரியம் சொல்ற போ."

எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. பழைய டிரைவைப் போன வருடத்துக்குப் பிறகு யாரும் அளந்ததே இல்லை. உண்மையில் அவருக்காகப் பயந்த அளவுக்கு, அதன் விடை என்னவென்று தெரிந்துகொள்ளவும் எனக்கு அவசரமாக இருந்தது. தட்டு அடுக்கைத் தூக்கிப் பழைய டிரைவில் வைத்து மூடினேன். கார்டுகள் உள்ளே போயின. அழுத்தினேன். அதன் அதிர்வு வேறு மாதிரி, கொஞ்சம் முனகலோடு இருந்தது. முப்பது தாண்டியதை வந்தவரின் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். முப்பத்துநாலையும் தாண்டிவிட்டது என்பதை மெக்கானிக் பையைக் கீழே வைத்ததிலிருந்து தெரிந்துகொண்டேன். பிறகு மணி அடித்தது.

"முப்பத்தேழு."

வந்தவர் ஸ்டாப் வாட்சைத் தலைவரிடம் காட்டினார். தாளில் முப்பத்தொன்றை அடித்துவிட்டு, முப்பத்தேழு, முப்பத்திநாலு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். 'இரண்டும் ஒரே கார்டுகளில், முதல் ஓட்டம்' என்று கீழே ஒரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டார்.

மெக்கானிக் பையை அங்கேயே விட்டார். தலைவரிடம் அனுமதி கேட்டு, போன் இருந்த மேசைக்குப் போனார். கிண்டிப் பட்டறையில் முதலாளிக்கு லைன் கிடைக்க நேரம் ஆயிற்று. கிடைத்ததும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"நைனா, ஆய்டுச்சி! ஆங், பாஸு... முப்பத்திநாலு... இல்ல நைனா, முப்பத்தி நாலு... இன்னாது, நாலா? அத்த வுடு, நாலு பொய்யி. ஊரெல்லாம் சொல்லிட்டியா? சொன்னவன்கிட்ட எல்லாம் போய் மாத்திச் சொல்லு... அய்ய, கொறைஞ்சி போவல நைனா, பழசு முப்பத்தேழு. என்னுது முப்பத்திநாலு. நெசமா ஓடி வந்த முப்பத்திநாலு!"